குதிரைக்குப் பெட்டிசம் எழுதியவர்

கண்டி,
ஷஃபான் பிறை பன்னிரண்டு.

என் அன்பு அனீஸாவுக்கு,

ஸலாம். காலியில் நீயும் நம் மகனும் மாமியும் அல்லாஹ்வின் காவலில் நலமாக இருக்க துஆச் செய்கிறேன். இங்கே நானும் சுகம். பிள்ளை பிறந்த செய்தி வந்த அன்றே மடவளைப் பள்ளிவாசலில் பேரீச்சம்பழம் பகிர்ந்தேன். பெயர் நீ சொன்னதையே வைப்போம், அதில் எனக்கு மறுபேச்சில்லை.

உன் கடிதம் கிடைத்தது. நம் வீட்டு மேல்மாடி அறையில் குடியிருக்கிற கிரேக்கர் ஸ்பீரோ வெளியேறினால்தான் நோன்புக்கு முன் வருவேன் என்று எழுதியிருக்கிறாய். உன் கோபம் நியாயம். மாமி இங்கே இருந்தபோது சீனிப் போத்தலை அலுமாரியில் வைத்துப் பூட்டுவதைப் பாட்டாக்கி வீதியெல்லாம் பாட விட்டவர் அவர்தான். நான் சிரிக்கவில்லை என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் முடிவு சொல்வதற்கு முன் இதைக் கடைசிவரை படி. மாமிக்கும் படித்துக் காட்டு.

அவர் யார் என்று நீ என்னிடம் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. அவர் பிறந்தது கிரேக்கக் கடலில் ஒரு சிறிய தீவு. அங்கேயும் நம்மைப் போலவே இங்கிலீசுக்காரர் ஆட்சிதான். பஞ்ச காலத்தில் அங்கிருந்த கவர்னர் தனக்குப் பளிங்கில் குளியலறை கட்டினாராம். ஸ்பீரோ அதைத் திட்டி ஒரு சொல்கூட எழுதவில்லை. இவ்வளவு சுத்தமான கவர்னர் கிடைக்க நாம் என்ன தவம் செய்தோமோ, நாம் குடிக்கிற தண்ணீரையும் அவருக்கே கொடுத்துவிடுவோம் என்று புகழ்ந்து எழுதினார். மீனவர்கள் வலை இழுக்கும்போது அதைப் பாடினார்கள். அவரைச் சிறையில் போட்டார்கள், பிறகு கப்பலில் ஏற்றி நாட்டை விட்டே அனுப்பினார்கள். கப்பல் கணக்குப்பிள்ளையாக அலைந்து, கடைசியில் கண்டியில் கோப்பி மூட்டைகளைச் சேர்த்து வைக்கிற கிட்டங்கியில் வேலைக்கு வந்தார்.

அவருடைய வித்தை இதுதான் அனீஸா. ஒருவர் தன்னைப் பற்றி என்ன பெருமை பேசுகிறாரோ, அதையே எடுத்து ஒரு முழம் உயர்த்திக் கட்டுவார். பாட்டு முடிந்ததும் கிட்டங்கியில் கோப்பிக்கொட்டை பொறுக்குகிற பேச்சியம்மாவிடம் தன் அரைகுறைத் தமிழில் சொல்லிப் பார்ப்பார். கடைசி அடிக்கு முன்பே அவள் சிரித்துவிட்டால் அந்தப் பாட்டு அடுப்புக்குப் போகும். இவரோ சிரிக்கவே மாட்டார். உலகத்தில் எத்தனையோ பேர் பெரிய மனிதரைப் புகழ்ந்து பிழைக்கிறார்கள், புகழ்ந்தே சிறைக்குப் போனவரை நான் வேறு கண்டதில்லை.

இனி நடந்ததைச் சொல்கிறேன். பேச்சியம்மாவின் தம்பி கறுப்பையா இந்தியாவிலிருந்து மன்னார்ப் பாதையால் நடந்து தெல்தோட்டைப் பக்கத்துக் கோப்பித் தோட்டம் ஒன்றுக்குக் கூலி வேலைக்கு வந்தான். வரும்போதே காய்ச்சல். அவனையும் அவனோடு வந்த நோயாளிகளையும் ஒரு பலாமரத்தடியில் போட்டுவிட்டார்கள். பக்கத்திலேயே தோட்டத் துரையின் குதிரைக்கு ஓடு வேய்ந்த லாயம், கம்பளி, கண்டியிலிருந்து வைத்தியர். பேச்சியம்மா அழுதபடி இதைச் சொன்ன மறுநாள், ஸ்பீரோ அரசாங்கக் கச்சேரி வாசலில் நான் சனங்களுக்கு மனு, பெட்டிசம் எழுதுகிற மேசைக்கு வந்து, ஒருவருக்குப் பெட்டிசம் எழுத வேண்டும் என்றார். யாருக்கு என்றேன். குதிரைக்கு என்றார்.

அவர் சொல்லச் சொல்ல, வழக்கமான பணிவு வாசகங்களோடு தமிழில் நான்தான் எழுதினேன். மனுதாரர் பெயர் ராஜா, இருப்பிடம் இன்ன தோட்டம். என் எசமானின் கருணையில் எனக்கு ஒரு குறையும் இல்லை, மரத்தடியில் கிடப்பவர்கள் இரவெல்லாம் இருமி என் தூக்கத்தைக் கெடுப்பதுதான் குறை. அவர்களையும் என் லாயத்தில் சேர்க்க வேண்டுகிறேன். மனிதரை அங்கே சேர்க்கச் சட்டம் இடம் தராவிட்டால், அவர்களும் குதிரைகளே என்று தயவுசெய்து ஓர் உத்தரவு பிறப்பிக்கவும். கீழே, எழுதத் தெரியாதவர் என்பதால் குளம்பு அடையாளம்.

முத்திரை ஒட்டிய பெட்டிசத்தை விசாரிக்காமல் விடக்கூடாது என்பது கச்சேரி வழக்கம் அல்லவா? கச்சேரியிலிருந்து ஓர் இளம் துரை மொழிபெயர்ப்பாளரோடு தோட்டத்துக்குப் போய், மனுதாரர் ராஜாவைக் கூப்பிடச் சொன்னார். கங்காணி பயபக்தியோடு குதிரையைப் பிடித்துக்கொண்டு வந்து நிறுத்தினான். மனுதாரர் முன்னிலையில் பெட்டிசத்தை வாசிக்க வேண்டும் என்பதும் வழக்கம், ஆகவே மொழிபெயர்ப்பாளர் குதிரைக்கு முன்னால் நின்று வாசித்தார். கடைசி வரி வந்தபோது மரத்தடியிலிருந்து ஒரு சிரிப்பும் அதைத் தொடர்ந்து இருமலும் கேட்டன. சிரித்தவன் கறுப்பையா. துரை திரும்பிப் பார்த்தார். அன்று மாலைக்குள் நோயாளிகள் எல்லோரும் லாயத்துக்குள் வந்துவிட்டார்கள். இரண்டு பேர் மௌத்தாகிப் போனார்கள், கறுப்பையா பிழைத்துக்கொண்டான்.

தோட்டத் துரைமார் சும்மா இருப்பார்களா? எழுதியது யார் என்று விசாரணை வந்தது. நான் வாய் திறக்கப் போனேன். ஸ்பீரோ மேசைக்குக் கீழே என் காலை மிதித்துக்கொண்டு, தமிழும் தன்னுடையதுதான் என்று சாதித்தார். அவருடைய தமிழைக் கேட்டவர் யாரும் அதை நம்பியிருக்க முடியாது, ஆனாலும் அவரே ஒப்புக்கொண்டதால் என்னை விட்டுவிட்டார்கள். என் மேசை இன்னும் கச்சேரி வாசலில் இருக்கிறது என்றால் அது அவரால்தான். அவருக்குக் கிட்டங்கி வேலை போய்விட்டது. துரைமாருக்குப் பயந்து கண்டியில் வேறு யாரும் அவருக்கு அறை கொடுப்பதில்லை. பக்கத்து ஊரான கெலிஓயாவில் கேட்டுப் பார்த்தேன், அங்கேயும் இல்லை என்றார்கள். நம் வீட்டை விட்டால் அவருக்கு வீதிதான்.

இருமல் இப்போது அவரிடமும் வந்திருக்கிறது. லாயத்தில் நோயாளிகளுக்குக் கஞ்சி கொடுக்கப் போய் வந்தவர். நேற்று வைத்தியர் வந்து நெடுநேரம் நாடி பார்த்தார். மருந்து ஒன்றும் தரவில்லை, அவர் ஆசைப்பட்டதைச் சமைத்துக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மாமியிடம் மன்னிப்புக் கேட்பீர்களா என்று கேட்டேன். கேட்பதற்கு இல்லை, பாட்டு நல்ல பாட்டு என்கிறார். அவ்வளவுதான் அவர். ஆனால் ஒரு வாரமாக நம் மகனுக்குத் தாலாட்டு எழுதப் பார்க்கிறார். எழுதுகிறார், கிழிக்கிறார். என்ன சங்கடம் என்று கேட்டபோது சொன்னார்: "இவன் இன்னும் ஒரு பிழையும் செய்யவில்லை. அப்படிப்பட்ட ஆளைப் பற்றி எழுத எனக்குத் தெரியாது."

அனீஸா, நான் அவரை வெளியே அனுப்பமாட்டேன். உன் சொல்லை நான் மீறியதில்லை, இந்த ஒன்றில் மட்டும் என்னால் முடியவில்லை. நீ அவரோடு பேச வேண்டாம், மாடிப்படி ஏற வேண்டாம். பிள்ளையை மட்டும் அவர் ஒரு தடவை பார்க்கட்டும். மாமியையும் கூட்டிக்கொண்டு வா. வாசலிலிருந்தே அவரைத் திட்டிக்கொண்டு வந்தாலும் சரிதான். திட்டுவதற்கு அவர் இருக்கும்போதே வா.

அல்லாஹ் உங்கள் பயணத்தை லேசாக்குவானாக.

உன்
சாஹுல் ஹமீது