ஆறு கோரின் மேல் சந்தனப் பொட்டு

செப். 27, சனி

காலையில் வெயில். மூன்று மணிக்கு மேல் ஜெராம் பக்கம் வானம் கறுத்து இடி. மழை இல்லை.

கிள்ளானில் ஓர் அலுவலகம் கழித்துக்கட்டிய கணினியைக் கொண்டுவந்தேன். நாலு கோர் ப்ராசசர், ஒரே சில்லில் நாலு மூளை. பத்து வருஷப் பழசு, ஆனால் சுத்தமாக வைத்திருந்திருக்கிறார்கள். மகள் தர்ஷினிக்கு. இருபத்தோரு வயது ஆகிறது; அந்தப் பிறந்தநாளுக்குச் சாவி கொடுப்பது இங்கே வழக்கம்.

மாலையில் குணா. என் மனைவி செல்வியின் தம்பி. உலு யாமில் கல்யாண வீடியோ கடை. காரிலிருந்து அவனும் ஒரு கணினியை இறக்கினான். ஆறு கோர். அதுவும் பழசுதான்.

"இருவத்தொண்ணுக்கு வெறும் சாவி மட்டும் குடுத்தா போதுமா? தாய்மாமன் சீருலா இது."

பிறகு விஷயத்துக்கு வந்தான். கடையில் வீடியோ வெட்டி ஒட்ட ஆள் வேண்டுமாம். மேல்மாடி அறை காலியாம். "ஒரு வாரம் ஓட்டிப் பாரு தர்ஷி. நல்லா இருந்தா மெஷினோட நம்ம வீட்டுக்கே வந்துரு. இல்லையா, இங்கயே ஒங்கப்பா மெஷின்ல செஞ்சி அனுப்பு. ஒன் இஷ்டம்லா."

அவன் வைத்த வலை எனக்குத் தெரியாதா.

தர்ஷினி சொன்னாள்: "அப்பா ரெண்டையும் டெஸ்ட் பண்ணட்டும் மாமா. எது நல்லதுன்னு அப்பா சொல்றதுதான். அப்பா நம்பர்ல பொய் சொல்ல மாட்டாரு."

குணா சிரித்தான். "அதானே பிரச்சன! உண்மை நம்பர் எழுதிதானே பழைய பேக்டரில வேல போச்சி ஒங்கப்பாவுக்கு."

செல்வியும் சிரித்தாள். குறித்துக்கொண்டேன்.

குணா பற்றி, மறக்காமல் இருக்க:
1. எங்கள் கல்யாணப் பந்தலில், ஒலிபெருக்கி பக்கத்திலேயே: "படிச்ச மாப்பிள்ளைக்கு ஸ்க்ரூ டிரைவர்தான் சீரு."
2. மாமியார் இறந்தபோது சாவு சொல்ல எல்லோர் வீட்டுக்கும் நேரில் போனான். எனக்கு ஹேண்ட்போனில் ஒரு வரி.
3. தர்ஷினிக்குக் காது குத்தியது அவன் மடியில். முறைதான். குத்தி முடித்தும் குழந்தையை என்னிடம் தரவில்லை. அவளும் இறங்கவில்லை.
4. இன்று.

செப். 28, ஞாயிறு

புழுக்கம். காற்றே இல்லை. நான் வேலை பார்க்கும் ஆலையின் புகை இறங்கித் துணிக்கொடியில் கரி.

முழு நாளும் சோதனை. கிராபிக்ஸ் கார்டு ஒன்றுதான் உண்டு, தர்ஷினி வாங்கியது. அதையே இதிலிருந்து கழற்றி அதில் மாட்டி ஓட்டினேன். நினைவகமும் இரண்டுக்கும் ஒரே அளவு. பாரபட்சம் இல்லை.

- ஆன் செய்து வேலைக்குத் தயாராக: நாலு கொஞ்சம் முந்தி.
- அன்றாட வேலை (இருபது பக்கம் திறந்த இணையம், அட்டவணை, வீடியோ அழைப்பு): கண்ணுக்கு வித்தியாசம் இல்லை. ஒற்றை வேலை என்றால் நாலு துடிப்பு. கோர் குறைவு, ஆனால் ஒவ்வொன்றும் வேகம்.
- வெட்டி ஒட்டிய வீடியோவைக் கோப்பாக்குவது: ஆறு எங்கேயோ முன்னால். அது முடித்தபோது நாலு பாதி தாண்டியிருக்கவில்லை.
- விளையாட்டு: சராசரி வேகம் ஏறக்குறைய ஒன்று. ஆனால் திரையில் கூட்டம் சேர்ந்து சுடும்போது நாலு திக்குகிறது. படம் நின்று குதிக்கிறது. ஆறு திக்கவில்லை.
- சூடு: நாலு 58 டிகிரி. ஆறு 66. மின்சாரமும் ஆறு அதிகம் குடிக்கிறது.

இணையம் மட்டும் பார்க்கிறவனுக்கு நாலு போதும். வீடியோவுக்கும் விளையாட்டுக்கும் ஆறுதான். எந்த முட்டாளும் சொல்வான்.

தர்ஷினி கேட்டாள். "இன்னும் முடியல" என்றேன். இரண்டிலும் ப்ராசசர் மேல் தடவும் பேஸ்ட் காய்ந்திருக்கிறது, மாற்றிவிட்டு மறுபடி ஓட்டினால்தான் நியாயம். அதுவும் உண்மைதான்.

பின்தெருக் கடைமாடியில் கூட்டுக்குருவி வளர்க்கிறார்கள், கூடு நல்ல விலைக்குப் போகும். குருவிகளை அழைக்க ஒலிப்பதிவு, விடிந்ததிலிருந்து பொழுது சாயும் வரை. கீச் கீச் கீச். நிஜக் குருவிகள் வந்து வந்து நுழைகின்றன.

செப். 30, செவ்வாய்

ஆலையில் எடைமேடைக் கணினி நின்றது, லாரிகள் வாசல் வரை. கிராணி, குமாஸ்தா என்று பெயர்தான், திட்டு வாங்குவது என் வேலை. மானேஜர் என் வயதில் பாதி.

வீட்டுக்கு வந்தால் மின்வெட்டு. இடி எங்கோ பக்கத்தில் விழுந்திருக்கிறது.

ப்ராசசர் இரண்டையும் கழற்றினேன். பழைய பேஸ்ட்டை ஸ்பிரிட்டால் துடைத்துச் செய்தித்தாளில் வைத்தேன். ப்ராசசரின் உலோக மூடிக்கும் மேலே விசிறி வைத்த கூலருக்கும் நடுவே இந்தப் பேஸ்ட் மெல்லிசாக இருந்தால்தான் சூடு வெளியேறும். தர்ஷினிக்குப் பன்னிரண்டு வயதில் சொல்லிக்கொடுத்தது. "எந்த மெஷினா இருந்தாலும் மொதல்ல சூட்டப் பாரு, மத்ததெல்லாம் அப்புறம்." இன்றும் அவள் திரை மூலையில் டிகிரி ஓடிக்கொண்டே இருக்கும்.

குழாயில் பேஸ்ட் தீர்ந்துவிட்டது. நாளை வாங்க வேண்டும்.

அக்டோபர் நடுவில் பழைய விண்டோஸுக்கு ஆதரவு நிற்கிறது. புதியது இரண்டு ப்ராசசரையும் ஏற்காது. இரண்டுமே சாகப்போகிறவை. இதற்குத்தான் இவ்வளவு.

அக். 1, புதன். ஆயுத பூஜை

மத்தியானமே இருட்டு. மழை வருமா வராதா என்று நாள் முழுக்க.

கோலசிலாங்கூர் டவுனில் பேஸ்ட் கிடைத்தது. திரும்பினால் செல்வி பூஜையை முடித்திருக்கிறாள். தாம்பாளத்தில் கார்ச் சாவி, அவள் தையல் கத்திரி, என் ஸ்க்ரூ டிரைவர், மீட்டர். நடுவில் வெற்றிலைமேல் இரண்டு ப்ராசசரும். இரண்டின் மூடியிலும் கட்டியாகச் சந்தனம், மேலே குங்குமம்.

"என்ன செல்வி இது?"

"கருவிதானேங்க. ஒங்களுக்கு அதுதான சோறு போட்டுச்சி? ரெண்டுக்கும் வச்சேன். தம்பி குடுத்ததுன்னு ஒதுக்கக் கூடாதுல்ல."

எடுக்கப் போனேன். கையைத் தட்டினாள். "பூஜைல வச்சத இன்னிக்கு எடுக்கக் கூடாது. நாளைக்கு விஜயதசமி, நல்ல நேரம் பாத்து எடுங்க."

விளக்கு எரிகிறது. அதன் முன் அவை இரண்டும்.

அக். 2, வியாழன்

விடுப்பு போட்டேன். பத்தரைக்கு மேல் நல்ல நேரமாம்.

சந்தனம் காய்ந்து ஓடுபோல் இருந்தது. விரலால் தட்டினால் டக் டக்.

நாலின் மூடியைப் பஞ்சும் ஸ்பிரிட்டும் வைத்துத் துடைத்தேன். பளபளப்பு. பேஸ்ட், கூலர், நாலு திருகு. முடிந்தது.

பிறகு ஆறு. பஞ்சு கையில்தான் இருந்தது. ஸ்பிரிட்டும் இருந்தது.

பொட்டை நான் வைக்கவில்லை. நான் அழிக்கவும் இல்லை. சுற்றிலும் கொஞ்சம் பேஸ்ட் தடவி, மேலே கூலரை வைத்து இறுக்கினேன். திருகும்போது உள்ளே ஏதோ நொறுங்குகிற சின்னச் சத்தம்.

ஓட்டினேன். ஆறு 97 டிகிரி. அதற்கு மேல் போகாமல் தன்னைத் தானே மெதுவாக்கிக்கொள்கிறது. விளையாட்டில் படம் இழுத்து இழுத்து வருகிறது. வீடியோ, நாலுக்குப் பின்னால். விசிறி ஊளையிடுகிறது.

எண்களைத் தாளில் எழுதினேன். ஒவ்வோர் எண்ணும் திரையில் வந்த எண். ஒன்றைக்கூட நான் மாற்றவில்லை.

தர்ஷினி தாளை நின்றபடியே படித்தாள்.

"மாமா மெஷின் ஏன்ப்பா இவ்ளோ சூடு?"

"பழசு."

"ஒங்களுதும் பழசுதானே?"

"எல்லாப் பழசும் ஒண்ணா?"

இன்னொரு முறை படித்தாள். பிறகு, "சரிப்பா. நீங்க சொன்னா சரி." என் எதிரிலேயே குணாவுக்குப் போன் போட்டாள். "மாமா, நான் இங்கயே இருக்கேன். அப்பாவோட மெஷின்தான் நல்லா இருக்கு."

"பரவால்லலா, கோவமெல்லாம் இல்ல" என்றான். சத்தமாக, நானும் கேட்க. "ஞாயித்துக்கெழம வந்து தூக்கிக்கிட்டுப் போறேன். ஏன் சூடாவுதுன்னு கடையில தொறந்து பாக்குறேன்."

தொறந்து பாக்குறேன்.

பெண் வீட்டில் இருக்கிறாள். ஜெயித்தது நான்தான்.

அக். 3, வெள்ளி

காலையிலேயே இடி. ஆலைக் கூரையில் குரங்குகள், சத்தமே போடாமல் வரிசையாக.

ஞாயிறுக்குள் ஆறைத் திறந்து துடைத்துவிட வேண்டும். பத்து நிமிட வேலை. தர்ஷினி வீட்டை விட்டு நகர மாட்டேன் என்கிறாள். நாளை சந்தைக்குப் போவார்கள், அப்போது.

மத்தியானம் சாப்பிட வந்தேன். மூவரும் மேசையில். செல்வி பேச்சுவாக்கில்:

"தம்பி மெஷின் ஓடலன்னு ரெண்டு பேரும் சொல்றீங்க, நான் அதுக்கும்தான் பொட்டு வச்சேன். நல்லா கட்டியாவே வச்சேன். சாமி ஏன்தான் இப்படிப் பண்ணுச்சோ."

தர்ஷினி நிமிரவில்லை. சோற்றைப் பிசைந்த கை நின்றது. "எதுலம்மா பொட்டு? பெட்டிமேலயா?"

"பெட்டி இல்லடி. அந்தச் சின்னத் தகடு. வெத்தலமேல வச்சிருந்தேன்ல."

மறுபடி பிசையத் தொடங்கினாள். என்னைப் பார்க்கவில்லை. ரசம் ஊற்றிக்கொண்டாள். ஊறுகாய் கேட்டாள். எல்லாம் வழக்கம்போல.

கை கழுவும்போது, "ப்பா, ஸ்க்ரூ டிரைவர் எங்க? கண்ணாடி லூசா இருக்கு" என்றாள்.

"மேசை இழுப்பறையில."

ஆலைக்குத் திரும்பினேன். ஐந்து லாரிக்கு எடை தப்பாக எழுதி அடித்து எழுதினேன். இருபது வருஷத்தில் இல்லாதது.

மாலையில் வீடு அமைதி. தர்ஷினி அறைக் கதவு சாத்தியிருந்தது. இழுப்பறையில் சின்ன ஸ்க்ரூ டிரைவர் இருந்தது. பெரியது இல்லை. நடைவழியில் ஸ்பிரிட் வாசம். கண்ணாடி துடைத்திருப்பாள்.

அக். 4, சனி

மழை பிடித்துக்கொண்டது. அதிலேயே இருவரும் குடையோடு சந்தைக்கு. வாசலில் தர்ஷினி திரும்பி, "வர ரெண்டு மணி நேரம் ஆகும்ப்பா" என்றாள். எவ்வளவு நேரம் என்று நான் கேட்கவே இல்லை.

ஆறைத் திறந்தேன். பஞ்சு, ஸ்பிரிட் எல்லாம் தயார்.

கூலரைத் தூக்கினால் சந்தனம் இல்லை. மூடி முழுக்கப் புதுப் பேஸ்ட், விளிம்பு வரை ஒரே சீராக மெல்லிசாகப் பரவியிருக்கிறது. நடுவில் ஒரு பச்சைப்பட்டாணி அளவு வைத்து அழுத்தினால்தான் இப்படிப் பரவும். நான் சொல்லிக்கொடுத்தது.

பெட்டியின் பக்கத் தகட்டுக்குள் நாலாக மடித்த தாள். அவள் கையெழுத்து. என் தாளில் இருந்த அதே வரிசை: ஆன் செய்ய, அன்றாடம், வீடியோ, விளையாட்டு, சூடு. பக்கத்தில் இரண்டு பத்திகள், என் வியாழக்கிழமை எண்களும் அவளுடைய நேற்றைய எண்களும். ஆறு, 65 டிகிரி. வீடியோ, விளையாட்டு எல்லாம் நான் முதல் ஞாயிறு பார்த்ததேதான். எனக்குத் தெரிந்த எண்கள், அவள் கையில்.

கடைசி வரி: யார் சோதித்தது. ஒரு பத்தியில் "அப்பா". மறு பத்தியில் "நான்".

வேறு ஒரு சொல் இல்லை.

தாளை மடித்து அதே இடத்தில் வைத்தேன். புதிதாகப் பேஸ்ட் வைத்து மூடினேன். நான் திறந்தேன் என்று அவளுக்குத் தெரியுமா? ரெண்டு மணி நேரம் ஆகும் என்றாளே.

சரியாக இரண்டு மணி நேரத்தில் வந்தார்கள். மீன் நன்றாக இருந்தது என்றாள். ஆறை ஒரு பார்வை. அவ்வளவுதான். மாலை முழுக்க அவள் அறையில் அலமாரி திறந்து மூடும் சத்தம். என்ன சொல்வது என்று இரண்டு விதமாக யோசித்தேன். பேக்டரி கதையிலிருந்து தொடங்கலாம். குணா கதையிலிருந்து தொடங்கலாம். கதவருகே போய் இரண்டு முறை திரும்பினேன்.

அக். 5, ஞாயிறு

மழை விட்டது. வெயில் இல்லை. குருவிச் சத்தம் மட்டும்.

பத்து மணிக்குக் குணா. மெஷினைத் தூக்கினான். பின்னாலேயே தர்ஷினி, இரண்டு பை, கிராபிக்ஸ் கார்டு பெட்டி.

"என்னாலா இது? வேணாம்னு சொன்ன?"

"மறுபடி டெஸ்ட் பண்ணிட்டோம் மாமா. மொதல்ல கூலர் சரியா ஒக்காரல. வீடியோவுக்கு ஆறுதான் நல்லது. அப்பாவே சொல்லிட்டாரு."

"ஒங்கப்பாவா சொன்னாரு?"

"ஆமா. அப்பா நம்பர்ல பொய் சொல்ல மாட்டாரு."

என்னைப் பார்த்துச் சொன்னாள். இந்த மூன்று நாளில் முதல் முறையாக என் முகத்தை நேராகப் பார்த்தாள். கோபம்கூட இல்லை.

குணா மெஷினைக் கீழே வைத்துவிட்டு வந்து என் கையைப் பிடித்தான். இரண்டு கையாலும். "நான் ஒங்கள தப்பா நெனச்சிட்டேன் அத்தான். பெரிய மனசு ஒங்களுக்கு. வேற யாரா இருந்தாலும் புள்ளைய அனுப்ப மாட்டாங்க." கண் கலங்கியிருந்தான். கையை உருவ முடியவில்லை.

தர்ஷினி என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். விரல் படவில்லை. காரில் முன் இருக்கையில் உட்கார்ந்து பெல்ட் போட்டாள்.

கார் திரும்பியபின் செல்வி அழுதுகொண்டே: "ஏங்க, நீங்களாவா அனுப்பினீங்க? நெசமாவா?"

ஆமாம் என்றேன்.

தர்ஷினியின் மேசையில் நாலு மட்டும். ஓடவிட்டிருக்கிறேன். 44 டிகிரி. வேலை எதுவும் இல்லை அதற்கு.