நாலடி அட்டைச் சாவி

நாலாம் லயம், கோலா சிலாங்கூர்
3.2.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

தனேஸ்வரி எழுதுகிறேன். போனில் என் நம்பரைத் தடுத்துவிட்டீர்களாமே. அதனால் தாளில் எழுதி லோரி ஓட்டும் தீபனிடம் கொடுத்தனுப்புகிறேன். தாளைத் தடுக்க இன்னும் பொத்தான் வரவில்லை.

தோட்டத்தை வாங்கிய கம்பெனி நோட்டீஸ் ஒட்டிவிட்டது. மே கடைசிக்குள் லயத்து வீடுகளையெல்லாம் காலி செய்ய வேண்டுமாம். மூன்று வருஷத்துக்கு முன் தீபாவளி விருந்தில், வீடமைப்புக் குழுத் தலைவராக நீங்கள் மேடையேறி, மலிவு விலை வீடு என்று சொல்லி நாலடி அட்டைச் சாவியை என் கையில் கொடுத்தீர்களே, ஞாபகமிருக்கிறதா? தங்கத்தாள் ஒட்டி வீட்டு நம்பர்கூட எழுதியிருந்தது. படம் பேப்பரில் வந்தது. வீடுதான் வரவில்லை. சாவி இப்போது கோழிக்கூண்டுக்குக் கதவாக நிற்கிறது. கோழிக்காவது வீடு அமைந்ததே!

மே பதினெட்டு விமலா கல்யாணம். தாய்மாமன் நீங்கள்தான் மாலை எடுத்துக் கொடுக்க வேண்டும். கல்யாணம் முடிந்து நான் எங்கே போய்ப் படுப்பது? அதையும் சொல்லிவிடுங்கள்.

உங்கள் தங்கை,
தனேஸ்வரி

கிள்ளான்
20.2.2025

பாசமிகு தங்கைக்கு,

அலுவல் அதிகம், அதனால் தாமதம். வீடமைப்பு அரசாங்கக் கொள்கை, அதில் அண்ணன் தங்கை பார்க்க முடியாது. மலிவு விலை என்றாலும் இரண்டு லட்சம் வெள்ளி. ஐம்பத்து நாலு வயதில் உனக்கு எந்த பேங்க் கடன் கொடுக்கும்? உன் வீடு தகுதியான வேறொருவருக்குப் போய்விட்டது. உலு யாமில் வாடகை அறை பார்க்கலாமே.

விமலாவுக்குச் சீர் தடபுடலாகச் செய்வேன், கவலைப்படாதே.

பின்குறிப்பு: சுங்கை புரோங்கில் அடுத்த மாதம் சாவி வழங்கும் விழா. புதிதாகச் செய்வது வீண் செலவு. உன்னிடம் இருப்பதைத் துடைத்து அனுப்பு.

அன்பு அண்ணன்,
சிவானந்தம்

லயம்
2.3.2025

அண்ணனுக்கு,

சாவியைக் கேட்டீர்கள். கழுவித் துடைத்து, அதில் எழுதியிருந்த வீட்டுக்கே தீபன் லோரியில் கொண்டுபோனேன். மூன்றாம் மாடி, ஏழாம் நம்பர். கலாவதி என்ற பிள்ளை, இடுப்பில் ஒரு குழந்தையும் கையில் ஒரு குழந்தையுமாகக் கதவைத் திறந்தது.

"என்னக்கா இது, இம்மாம் பெரிய சாவி? நாங்க வாடகைக்குத்தான் இருக்கோம் லா."

"யாருக்கும்மா வாடகை?"

"சிவானந்தம் ஐயாவுக்கு. மாசம் எண்ணூறு வெள்ளி. வீடு அவரு மகன் திவாகரன் பேர்ல இருக்கு."

கிள்ளானில் இரட்டை மாடி வீட்டில் இருக்கிற திவாகரன்தான் அந்தத் தகுதியான வேறொருவரா? சீச்சீ. அந்தப் பிள்ளை காப்பி போட்டுக் கொடுத்தது. உங்கள் வீடமைப்பில் எனக்குக் கிடைத்தது அந்த ஒரு காப்பிதான்.

தனேஸ்வரி

கிள்ளான்
9.3.2025

தங்கச்சி,

இதை யாரிடமும் சொல்லாதே, குடும்ப மானம். திவாகரன் பெயரில் வாங்கியது ஒரு முதலீடு, அவ்வளவுதான். கலாவதியை மாதக் கடைசியில் அனுப்பிவிடுகிறேன். நீ வந்து இரு. எண்ணூறு வேண்டாம், அறுநூறு கொடு. கூடப்பிறந்தவனாயிற்றே.

சிவானந்தம்

லயம்
17.3.2025

திரு. சிவானந்தம் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று ராத்திரி அழுதேன். அந்த வீட்டுக்கு ஆசைப்பட்டுத்தான் அழுதேன், பொய் சொல்லமாட்டேன். ஆனால் இரண்டு குழந்தைகளைத் தெருவில் இறக்கிவிட்டு நான் மாடியேறுவதாக இல்லை. தங்கைக்குச் சேர வேண்டிய வீட்டைத் தங்கைக்கே வாடகைக்கு விடும் சாமர்த்தியத்தை ஊரில் வேறு யாரிடமும் பார்த்ததில்லை.

போனில் பேசியிருந்தால் காற்றோடு போயிருக்கும். நம்பரைத் தடுத்துவிட்டு, எல்லாவற்றையும் தாளில் எழுதிக் கையெழுத்தும் போட்டு அனுப்பினீர்கள். அந்தக் கடிதங்களை வெள்ளிக்கிழமை வீடமைப்பு ஆபீசில் கொடுத்துவிட்டோம். கலாவதியும் வாடகை ரசீதுகளோடு வந்தது.

ஜூனில் எங்கே போவேன் என்று தெரியவில்லை. கல்யாணம் லயத்து வாசலில்தான். அழைப்பிதழ் அடித்தாயிற்று. தாய்மாமன் என்ற இடத்தில் தீபன் பெயர் இருக்கிறது.

சாவியைத் தர முடியாது. கோழிக்கு வேண்டும்.

தனேஸ்வரி