ஆற்றுக்கு அந்தப் பக்கத்து இன்சூரன்ஸ்

ஊரில் ஒருத்தர் பாக்கியில்லாமல் பாலிசி எடுக்கவைத்த என் அன்பு அப்பாவுக்கு,

நீங்கள் போன பிறகு உங்களுக்கு நான் எழுதுகிற முதல் கடிதம் இது. எங்கே அனுப்புவது என்று தெரியவில்லை. அதனால் எங்கள் பகுதித் தமிழ்ச் சங்க மலரில் போடக் கொடுத்திருக்கிறேன். நாலு பேர் படிப்பார்கள். படிக்கட்டும். நீங்கள் இருந்தால் அந்த நாலு பேரிடமும் பாலிசி எடுத்தாயிற்றா என்று கேட்டிருப்பீர்கள்.

ஒரு நல்ல சேதி இருக்கிறது. அதற்கு முன்னால் ஓர் இன்சூரன்ஸ் கதை இருக்கிறது. உங்களைத் தெரிந்தவன் என்பதால் இன்சூரன்ஸிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

விருதுநகரில் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் பந்தியில் உங்கள் பக்கத்து இலைக்காரர் பாடு திண்டாட்டம்தான். அவர் ஜிலேபியை வாயில் வைக்கிற நேரம் பார்த்து, "அண்ணாச்சி, சுகர் இருக்கா? ஆபரேஷன் ஏதாச்சும் ஆயிருக்கா? மூலம்?" என்று கேட்பீர்கள். நான் வெட்கத்தில் நாலு இலை தள்ளிப் போய் உட்கார்ந்துகொள்வேன். அப்பேர்ப்பட்டவருடைய மகன் இன்சூரன்ஸில் ஏமாளி ஆவான் என்று யாராவது நினைத்திருப்பார்களா?

நியூஜெர்சியில் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருந்த என் வேலை போன வருடம் போய்விட்டது. ஆட்குறைப்பு. அலைந்து திரிந்து பிடித்த புது வேலை டெலவேர் ஆற்றுக்கு அந்தப் பக்கம், பென்சில்வேனியாவில். காலையில் பாலத்தில் ஏறி வேறு மாநிலத்துக்குப் போய், சாயங்காலம் அதே பாலத்தில் திரும்பி வருகிறேன். நியூஜெர்சியை விட்டு வெளியே போகத்தான் பாலத்தில் காசு கேட்கிறார்கள். உள்ளே வருவதற்கு இலவசம். நியூஜெர்சியைப் பற்றி இதிலிருந்து நீங்கள் என்ன முடிவுக்கு வேண்டுமானாலும் வரலாம்.

இங்கே வேலையோடுதான் இன்சூரன்ஸும் வரும். வேலை மாறினால் இன்சூரன்ஸ் மாறும், அதோடு டாக்டரும் மாறுவார். முதல் நாளே ஹெச்.ஆர். டெப்பி என்னை உட்காரவைத்து இரண்டு திட்டங்களை விளக்கினாள். ஒன்றில் சம்பளத்தில் பிடித்தம் குறைவு, ஆனால் டாக்டர்களும் ஆஸ்பத்திரிகளும் பென்சில்வேனியாவில் மட்டும். மற்றது ஆற்றின் இரண்டு கரையிலும் செல்லும், பிடித்தம் அதிகம். "இந்த வருஷம் குடும்பத்தில் ஏதாவது விசேஷம் எதிர்பார்க்கிறீர்களா?" என்று அன்பாகத்தான் கேட்டாள்.

உங்கள் மருமகள் நிர்மலாவுக்கு அப்போது இரண்டு மாதம்.

முந்தின ராத்திரிதான் மதுரையிலிருந்து அத்தை, உங்கள் சம்பந்தியம்மா, காலிங் கார்டு தீரும் வரை பேசியிருந்தார். "மாப்ள, மூணு மாசம் முடியிற வரைக்கும் ஒருத்தர்ட்டயும் மூச்சு விடப்படாது. கண்ணு பட்டுரும்." ஒருத்தர் என்றால் ஹெச்.ஆரும் ஒருத்தர்தானே? டெப்பிக்கு வேறு நீலக் கண். நான் நிமிர்ந்து உட்கார்ந்து, "எதிர்பார்க்கவே இல்லை, நாங்கள் ரொம்ப ஆரோக்கியமான குடும்பம்" என்று சொல்லி, முதல் திட்டத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.

சிரிக்காதீர்கள் அப்பா. அத்தை சொன்னதை ஏன் அப்படியே கேட்டேன் என்றால், நீங்கள் போன பிறகு உங்களுக்குத் தெரியாத ஒன்று நடந்திருந்தது. அதற்கு முந்தைய வருடம் நிர்மலாவுக்கு ஒன்று தங்காமல் போயிற்று. எல்லோருக்கும் ஃபோன் செய்து சொல்லி, ஆபீஸில் ஸ்வீட் கொடுத்து, அப்புறம் ஒவ்வொருத்தருக்காக மறுபடியும் சொல்ல வேண்டியிருந்தது. அந்த நாட்களில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலிருந்த மார்த்தா என்கிற டாக்டரம்மா. அடுத்த குழந்தையை மார்த்தாதான் எடுக்க வேண்டும் என்று நிர்மலா அப்போதே முடிவு செய்திருந்தாள். மார்த்தா நியூஜெர்சி. என் இன்சூரன்ஸ் பென்சில்வேனியா.

மூன்று மாதம் முடிந்ததும் மைசூர்பாகு டப்பாவோடு டெப்பியிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். எழுந்து வந்து கட்டிக்கொண்டாள். திட்டத்தை மாற்றிக்கொடு என்றேன். முடியாதாம். வருடத்தில் ஒருமுறைதான் மாற்றலாம். நடுவில் மாற்ற வேண்டுமென்றால் குடும்பத்தில் ஏதாவது நடந்திருக்க வேண்டும்.

"நடந்திருக்கிறதே!"

"கர்ப்பம் கணக்கில் வராது. பிறப்பு வரும். குழந்தை பிறந்ததும் வாருங்கள், உடனே மாற்றித் தருகிறேன்."

பிறந்த பிறகு மாற்றலாம், பிறப்பதற்காக மாற்ற முடியாது. இப்படி ஒரு விதியை உங்கள் கம்பெனிகூட எழுதியிருக்காது. மைசூர்பாகு ரொம்ப நன்றாக இருக்கிறது என்று மட்டும் டெப்பி சொன்னாள்.

என்னோடு காரில் சேர்ந்து போகிற சாதிக் கீழக்கரைக்காரன். அதே ஆபீஸ், அதே ஆறு, ஆனால் இரண்டு கரைக்குமான திட்டம். அவன் டெப்பியிடம் தன் மனைவியின் தைராய்டு முதல் மாமனாரின் மூட்டு வலி வரை எல்லாவற்றையும் கொட்டிவிட்டானாம். "மச்சான், ஹெச்.ஆர்ட்டயும் பள்ளிவாசல் ஹஜரத்துட்டயும் எதையும் மறைக்கப்படாதுடா" என்றான். பிறகு எனக்காக ஒரு யோசனையும் சொன்னான். "எமர்ஜென்சின்னா எந்த ஆஸ்பத்திரிக்கும் கவர் பண்ணுவான். நல்லா வலி எடுக்குற வரைக்கும் வீட்டுலயே வெச்சுக்க. அப்புறம் பக்கத்துலயே கொண்டு போயிரு."

இதை வீட்டில் வந்து சொன்னேன். நிர்மலா சட்னி அரைத்துக்கொண்டிருந்தாள். மிக்ஸியை நிறுத்திவிட்டு, "உங்களுக்கு இன்சூரன்ஸ் காசு மிச்சம் பண்ண நான் வலிய அடக்கிட்டு உக்காரணுமா?" என்று கேட்டாள். மறுபடியும் மிக்ஸியைப் போட்டாள். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

ஆகவே மாதாமாதம் செக்கப்புக்கு ஆற்றைத் தாண்டினோம். அந்தப் பக்கத்து டாக்டர் கெட்டிக்காரர்தான். ஆனால் வயிற்றைத் தொடும்போதே கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். இன்னொரு வில்லங்கமும் உண்டு. ஆற்றில் பெரிய கப்பல் வந்தால் எங்கள் பாலம் நடுவில் தூக்கிக்கொள்ளும். மணி அடித்து, கேட்டைப் போட்டு, எல்லாக் காரையும் நிறுத்திவிடுவார்கள். இங்கே கப்பலுக்குத்தான் முதல் மரியாதை. அது மனிதர்கள் அவசரமாகப் போகிறார்களா என்றெல்லாம் பார்க்காது.

எட்டாவது மாதம் அத்தை வந்து இறங்கினார். தலைப்பிரசவம் அம்மா வீட்டில்தான் நடக்க வேண்டும், மகள் வரமுடியாததால் அம்மா வீடே கிளம்பி வந்துவிட்டது என்பது அவர் கணக்கு. பெட்டியில் பிரசவ லேகியம், பூண்டு, நாலு காட்டன் புடவை. சுங்க அதிகாரி லேகிய டப்பாவை முகர்ந்து பார்த்துவிட்டு மரியாதையாக மூடிக் கொடுத்தாராம். இன்சூரன்ஸ் விவகாரத்தை அவருக்கு விளக்க எனக்கு ஒரு மாலை முழுக்க ஆயிற்று. கடைசியில், "நான் ஊர்க்காரங்ககிட்டச் சொல்லாதேன்னேன். ஆபீஸ்ல சொல்லாதேன்னா சொன்னேன்?" என்று கேட்டார். சம்பந்தியம்மாவிடம் நீங்களும் ஒருநாள்கூட ஜெயித்ததில்லை, ஞாபகம் இருக்கிறதா?

வலி எடுத்தது ஒரு புதன்கிழமை மத்தியானம். நான் பென்சில்வேனியாவில், அவள் நியூஜெர்சியில், அவளுடைய ஆஸ்பத்திரி பென்சில்வேனியாவில். பாலத்தைத் தாண்டிப் போய் அவளையும் அத்தையையும் ஏற்றிக்கொண்டு மறுபடியும் பாலத்துக்கு வந்தேன். காசைக் கட்டிவிட்டுப் பத்து கார் தூரம் போயிருப்பேன். மணி அடித்தது. கேட் விழுந்தது. எங்கள் கண் முன்னாலேயே பாலம் இரண்டாகப் பிளந்து மேலே எழும்பியது.

"என்ன மாப்ள இது, ரயில்வே கேட்டா?"

"கப்பல் வருது அத்தை."

"கப்பலா? இந்த நேரத்துலயா?"

கப்பல் வந்தது. அப்பா, உலகத்தில் அவ்வளவு மெதுவாக எதுவும் போய் நான் பார்த்ததில்லை. துருப்பிடித்த, நீளமான, சரக்குக் கப்பல். முன்பாதி போயிற்று. அதற்குப் பிறகும் கப்பல் இருந்தது. நிர்மலா என் தோளை இறுக்கிப் பிடித்த பிடியில் சட்டைத் தையல் விட்டது. அத்தை கதவைத் திறந்து இறங்கிவிட்டார். பாலத்தை இயக்குகிறவரின் கூண்டைப் பார்த்து இரண்டு கையையும் தூக்கி, "யப்பா, புள்ளத்தாச்சிப் பொண்ணு இருக்கா! கொஞ்சம் எறக்குப்பா!" என்று சுத்தமான மதுரைத் தமிழில் கூப்பிட்டார். கப்பலிலிருந்து யாரோ அத்தைக்குக் கையசைத்தார்கள்.

"வண்டியத் திருப்புங்க" என்றாள் நிர்மலா.

"எங்க?"

"மார்த்தாகிட்ட."

"நிர்மலா, இன்சூரன்ஸ்..."

அவள் என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தைரியமில்லை. கைப்பையிலிருந்து செல்போனை எடுத்து அவளே மார்த்தாவுக்குப் பேசினாள். வலிக்கு நடுவில், மூச்சு வாங்கிக்கொண்டு, பாலம், கப்பல், இன்சூரன்ஸ் எல்லாவற்றையும் சொன்னாள். மார்த்தா ஒன்றே ஒன்றுதான் சொன்னாராம்: "வா, நான் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன்."

திருப்புவது எப்படி? பின்னால் வரிசையாகக் கார்கள். தொப்பி போட்ட தடியான லாரிக்காரர் ஒருவர் அத்தையின் கூப்பாட்டைக் கேட்டு இறங்கி வந்தார். காருக்குள் எட்டிப் பார்த்தார். மறு நிமிடம் அவரும் அத்தையும் சேர்ந்து பின்னாலிருந்த ஒவ்வொரு காரையும் ஒதுக்கத் தொடங்கினார்கள். அவர் ஆங்கிலத்தில், அத்தை தமிழில். எல்லோரும் இருவருக்கும் கட்டுப்பட்டார்கள். நான் திருப்பிக்கொண்டு கிளம்பும்போது பாலத்தில் இருந்தவர்கள் எல்லாம் ஹாரன் அடித்தார்கள்.

ஆஸ்பத்திரி வாசலில் மார்த்தா வீட்டுச் செருப்போடு நின்றிருந்தார். அப்பா, உங்களுக்குப் பேத்தி பிறந்தாள். பெயர் யாழினி. உங்கள் காது. நிர்மலா குழந்தையை மார்பில் போட்டுக்கொண்டு, மார்த்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மார்த்தாவும் அழுதார். நான் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டேன், எதற்கென்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டு வாரத்தில் இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். ஏன் எங்கள் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை? பாலம் தூக்கியிருந்தது. எதற்கு? கப்பல் வந்தது. லைனில் இருங்கள் என்றாள். ஒரே பாட்டு திரும்பத் திரும்ப ஓடியது. அப்புறம் அவளுடைய மேலதிகாரி வந்தார். "என்ன மாதிரி கப்பல்?" என்று கேட்டார். இவர்களுடைய கணக்கில் எண்ணெய்க் கப்பலுக்கு ஒரு விதி, உப்புக் கப்பலுக்கு ஒரு விதி இருக்குமோ என்று பயந்து, "பெரிய கப்பல்" என்று மட்டும் சொன்னேன். எமர்ஜென்சி என்று ஒப்புக்கொண்டார்கள். ஃபோனை வைப்பதற்கு முன்னால் அவர் வாழ்த்தும் சொன்னார். டெப்பியும் வாக்குத் தவறாமல் இரண்டு கரைத் திட்டத்துக்கு மாற்றிக் கொடுத்தாள்.

இவ்வளவும் சிரித்துக்கொண்டேதான் எழுதினேன். போன வாரம் யாழினியை முதல் தடவையாகக் குழந்தை டாக்டரிடம் கொண்டு போனோம். எல்லாம் பார்த்துவிட்டுக் குடும்பத்து ஆட்களைப் பற்றிக் கேட்டார். அப்பாவழித் தாத்தா? இல்லை என்றேன். எதனால்? ஹார்ட். வலி எப்போது ஆரம்பித்தது?

எனக்குத் தெரியவில்லை அப்பா. நீங்கள் எங்களிடம் சொல்லவே இல்லை. எல்லாம் முடிந்த பிறகுதான் அம்மா சொன்னாள், மாதக்கணக்கில் நெஞ்சில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தீர்கள், கேட்டால் கேஸ் டிரபுள் என்றீர்கள் என்று. அத்தனை பேருடைய சுகரையும் மூலத்தையும் கேட்டவர் உங்களுடையதை ஏன் சொல்லவில்லை? பயமா? அல்லது நாங்கள் பயந்துவிடுவோம் என்றா? கோபம் இன்னும் எனக்கு ஆறவில்லை. "தெரியாது, அவர் சொல்லவில்லை" என்று டாக்டரிடம் சொன்னேன்.

அப்போது நிர்மலா குழந்தையிடமிருந்து கண்ணை எடுக்காமல், "இவருக்கும் மாடிப்படி ஏறுனா நெஞ்ச அடைக்குது டாக்டர். கேட்டா கேஸுன்னு சொல்றாரு" என்று ஆங்கிலத்தில் போட்டுக் கொடுத்துவிட்டாள். அவள் கவனித்ததே எனக்குத் தெரியாது. டாக்டர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

வெள்ளிக்கிழமை இதய டாக்டரிடம் நேரம் வாங்கியாயிற்று. சாதிக் கூட வருகிறான், நான் எதையாவது மறைத்தால் அவன் சொல்லிவிடுவானாம். தேவைப்படாது. எங்கே அடைக்கிறது, எப்போதிலிருந்து, எத்தனை படி ஏறினால் என்று எல்லாவற்றையும் நானே சொல்வேன். யாழினியை யாராவது ஒருநாள் உன் அப்பாவுக்கு வலி எப்போது ஆரம்பித்தது என்று கேட்டால், அவளுக்குப் பதில் தெரிந்திருக்கும். இது உங்கள் மேல் சத்தியம்.

இப்படிக்கு,
நெஞ்சு வலியை இனி நெஞ்சு வலி என்றே சொல்லப்போகும்
உங்கள் இளைய மகன், யாழினியின் அப்பா
செந்தில்