சகலை வீட்டு வால்வுகள்

மார்ச் 4
நானும் மனைவியும் சகலை வீட்டுக்குப் போய் வந்தோம். அவரிடம் இருப்பதும் என்னிடம் இருப்பதும் ஒரே கடையில் வாங்கிய ஒரே வால்வு ஆம்ப்ளிஃபையர். அவர் மட்டும் முன்னால் குட்டி பல்பு போல எரியும் இரண்டு சின்ன வால்வுகளைக் கழற்றிவிட்டு எங்கேயோ பிடித்த பழைய ஜோடியைப் போட்டிருக்கிறார். ஒலியே மாறிவிட்டது. இவள் கண்ணை மூடிக் கேட்டாள். எங்கள் வீட்டில் ஒரு நாளாவது மூடியிருப்பாளா?

வழியெல்லாம் அதே பேச்சு. “அக்கா வீட்டுல கேட்டா, பாடுறவங்க எதிர்ல உட்கார்ந்திருக்கிற மாதிரியே இருக்குங்க.”

வயிறு எரிகிறது. எழுதினால் ஆறும் என்று பார்த்தேன். ஆறவில்லை.

மார்ச் 9
நானும் ஒரு ஜோடி வாங்கி மாட்டினேன். இவளைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். “நல்லாத்தான் இருக்கு” என்றாள். பரீட்சையில் கோட்டைவிட்ட பிள்ளையைத் தேற்றும் குரல்.

மார்ச் 15
இன்னொரு ஜோடி. சுத்த மந்தம். பாட்டை நடுவில் நிறுத்திப் பழையதைப் போட்டேன், மறுபடி புதியதை. சூடு ஆறுமுன் பிடுங்கியதில் விரல் கொப்பளித்துவிட்டது. திரும்பிப் பார்த்தால் இவளைக் காணோம். உள்ளே துணி மடித்துக்கொண்டிருக்கிறாள்.

மார்ச் 21
சகலை குடும்பத்தோடு வெளியூர் போகிறார். சாவியைக் கொடுத்து, “செடிக்குத் தண்ணி மட்டும் ஊத்திடுங்க சகலை, உங்களத்தான் நம்பியிருக்கேன்” என்றார்.

சே, அப்படியெல்லாம் நினைக்கக் கூடாது.

மார்ச் 22
செய்துவிட்டேன். அவர் ஜோடி என் சட்டைப் பையில். மந்தம் என்று நான் ஒதுக்கிய ஜோடி அவர் ஆம்பில். இரண்டிலும் எழுத்து அழிந்திருக்கிறது, யாருக்கும் தெரியாது. பதற்றத்தில் செடிக்குத் தண்ணீர் ஊற்ற மறந்து, மறுபடி ஒரு நடை போனேன்.

மார்ச் 23
இப்போது எங்கள் வீட்டில் பாடுவது அவர் வால்வுகள். இரண்டு முறை எழுந்து ஒலியைத் திருத்தினேன். இவள் கேட்டது ஒன்றுதான்: “மாத்தி முடிச்சாச்சா?”

மார்ச் 30
சகலை திரும்பிவிட்டார். விருந்துக்கு அழைத்தார். பாட்டு போட்டதும் ஆம்ப் பக்கம் திரும்பாமல் என் தட்டையே பார்த்தேன். அவர் சொல்கிறார்: “என்னன்னு தெரியல சகலை, வந்ததுலேர்ந்து முன்னைவிட நல்லாப் பாடுது.” இவள் அதே போலக் கண்ணை மூடியிருந்தாள். என் வால்வைப் பார்த்து நானே பொறாமைப்படுகிறேன். இதை யாரிடம் சொல்ல?

வழியில் இவளிடம் கேட்டே விட்டேன், “அப்படி அங்க என்னதான் இருக்கு?”

“அங்க பாட்டு முடியிற வரைக்கும் அத்தான் அக்கா பக்கத்துல உட்கார்ந்திருக்காரு. நீங்க என் மூஞ்சியப் பாக்குறீங்க. அப்புறம் எந்திரிச்சுப் போய் எதையாவது கழட்டுறீங்க. நான் யாரோட பாட்டு கேக்குறது?”



ஏப்ரல் 3
வால்வுகளை எடுத்துப் போய்ச் சகலையிடம் உண்மையைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். “அதை நீங்களே வச்சுக்கோங்க. எனக்கு உங்களுதே போதும்.” திட்டியிருந்தால் தேவலை.

ஏப்ரல் 6
மாலையில் பாட்டு போட்டுவிட்டு இவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். இடப்பக்கம் லேசாக இரைந்தது. கை பரபரத்தது. எழவில்லை. சகலைமேல் எரிச்சல் தீர்ந்ததா என்றால், இல்லை. இப்படி உட்கார அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறதே.

பாட்டு முடிந்தது. நல்லா இருந்ததா என்று நான் கேட்கவில்லை.

“இன்னொன்னு போடுங்க” என்றாள்.