செல்வி அக்கா வீட்டுக் கதவு

செவ்வாய் இரவு. மழை விடவில்லை.

நெடுநாள் ஆலோசித்து இன்று வரலாற்று முடிவொன்றை எடுத்தேன்: இனி மரத்தில் அறுக்கும் கோட்டில் டேப் ஒட்டி, கத்தியால் கீறிய பிறகே வாள் வைப்பேன்.

தேயிலைத் தோட்டத்து மேட்டு லயத்து வீட்டில், செல்வி அக்காவின் கதவில் முதன்முதலாகச் செய்தேன். ஒரு சிலாம்புகூடக் கிளம்பவில்லை. அக்கா விளிம்பைத் தடவி, “கண்ணாடி மாதிரி இருக்கு தம்பி,” என்றார். பிறகு கேட்டார்: “மழைக்கு மரம் ஊதித்தானே தரையில இடிக்குது? மண்ணு சரியும், ஸ்கூல்ல போய்ப் படுங்கன்னு ஆபீஸ்காரங்க சொல்லிட்டுப் போறாங்க.”

“மரம்னா ஊதத்தாங்க்கா செய்யும்.”

ஊதிய கதவு எல்லாப் பக்கமும் இடிக்கும். இது மூன்று வாரமாக ஒரே மூலையில் இடிக்கிறது. மூன்று முறையும் நான்தான் அறுத்தேன். கதவு நிலைச்சட்டமே ஒரு பக்கம் சாய்ந்திருப்பதையும் பார்த்தேன்.

நான் கிளம்பும்போது, ஸ்கூலுக்குக் கொண்டுபோக வீட்டில் ஐந்து பேருக்கும் கட்டி வைத்திருந்த பாய்மூட்டையை அக்கா அவிழ்த்துவிட்டார்.