வாய்க்காலுக்கு மேலே பிடித்த தண்ணீர்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் தினம் ரெண்டு சண்டைக்குக் குறையாமல் சுகமாக இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் அப்படியே இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். உன் அப்பா புதுப்பல் கட்டியதிலிருந்து கண்ணாடி முன்னாடியே குடியிருக்கிறார், மறுபடி பெண் பார்க்கப் போகிற நினைப்பு போல.

சிரிப்பெல்லாம் மேலுக்குத்தான்டி, நான் ஒரு பெரிய தப்புப் பண்ணிவிட்டேன். நகராட்சியில் என் வேலை உனக்குத் தெரியும், சாயப்பட்டறை வாய்க்கால் ஆற்றில் விழுகிறதே, சாயம் கலந்து ஓடுகிற அந்தக் கீழ்ப்பக்கம் இறங்கி தினம் ஒரு பாட்டில் தண்ணீர் பிடித்து ஆய்வுக்கூடத்தில் கொடுக்கணும். இந்த மழையில் அங்கே முழங்கால் அளவு சேறு, எனக்கோ முட்டிவலி, எல்லாம் ஒரே ஆறுதானே என்று ரெண்டு மாசமாக சாயம் கலப்பதற்கு முன்னாலேயே, வாய்க்காலுக்கு மேலே படியில் உட்கார்ந்தே பிடித்துக் கொடுத்தேன், மண்டு. பட்டறையிலே புதுசாகக் கட்டின தொட்டிதான் தண்ணீரைச் சுத்தமாக்கிவிட்டது என்று நம் நகராட்சித் தலைவரம்மாவுக்கு ஒரே பெருமை. ஆற்றங்கரை ஊர்த் தலைவர்களையெல்லாம் சேர்த்துக்கொண்டு மாநிலத்தில் போய்ச் சொல்ல, மாநிலம் தலைநகரத்தில் சொல்ல, இப்போ இந்த ஆறு எல்லை தாண்டி வருகிற உங்கள் நாடும் நம் நாடும் போடுகிற ஆற்று ஒப்பந்தத்திலேயே தொட்டி போதும், பெரிய சுத்திகரிப்பு ஆலை வேண்டாம் என்று எழுதப் போகிறார்களாம். அடுத்த மாசம் கையெழுத்து. நம்ம ஊர் பேச்சு அவ்வளவு தூரம் போகும் என்று யார் கண்டது.

தலைவரம்மாவிடம் போய் உண்மையைச் சொன்னேன். முதலில் சிரித்தாள், அப்புறம் கதவைச் சாத்திவிட்டு, பன்னிரண்டு ஊர் என் பின்னால் நிற்கிறது, வேலை வேணும்னா வாயை மூடிக்கொள் என்றாள். உன் அப்பாவும், நீ பென்ஷன் வாங்க இன்னும் மூணு வருஷம்தான் இருக்கு, சும்மா இரு என்கிறார். எப்படிடி சும்மா இருப்பது, அந்த ஆறுதானே உங்கள் ஊர் குழாயில் வருகிறது, அதைத்தானே என் பேத்தி குடிக்கிறாள்.

நேற்று சேற்றில் இறங்கி, ரெண்டு தரம் விழுந்து, சரியான இடத்தில் பிடித்துவிட்டேன். கத்தரிக்காய் நிறம். நாளைக்கு நகராட்சிக் கூட்டம், பன்னிரண்டு ஊர்த் தலைவர்களும் வருகிறார்கள், அவர்கள் நடுவிலே அந்தப் பாட்டிலை வைத்து, நான் செய்த தப்பையும் சொல்லப் போகிறேன். உன் அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. வேலை போனால் நாள் பூராவும் அவர் பல்லைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருக்கணும், அதைவிடப் பெரிய தண்டனை உண்டா.

மூணு பேரும் நோய்நொடி இல்லாமல் நூறு வயசு இருங்கள். ஒன்று மட்டும் மறக்காதே, குழாய்த் தண்ணீரைக் குழந்தைக்குக் கொடுக்காதே. காய்ச்சினாலும் சாயம் போகாதாம், ஆய்வுக்கூடத்துப் பெண்ணிடம் கேட்டுவிட்டேன்.

இப்படிக்கு,
நாளை வரைக்கும் நகராட்சி ஊழியரான உன் அம்மா