வலையை அளந்த நாள்

அன்புள்ள அப்பா,

படகைத் துறைமுகத்தில் கட்டிப்போட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்திருப்பீர்கள். அதற்குக் காரணமானவன்தான் எழுதுகிறேன்.

"மூணு பழைய கப்பலோட ஆரம்பிச்ச அயர்லாந்துக் கடற்படை, இன்னி வரைக்கும் மீன்காரனோடதான் சண்டை போடுது" என்று நான் சேர்ந்த அன்று கிண்டல் செய்தீர்கள். செவ்வாய்க்கிழமை அந்தச் சண்டைக்கு உங்கள் படகிலேயே ஏறினேன். வலைக்கண் சட்டம் சொல்லும் அளவைவிடச் சிறிதாக இருந்தது. அளந்து எழுதினேன். அதில் எனக்கு வெட்கமில்லை.

நீங்கள் நீட்டிய தேநீரை வாங்காமல், "உங்க பேரு என்னங்க?" என்று கேட்டேனே, அதற்குத்தான் வெட்கப்படுகிறேன். ஒரு கணம் என்னையே பார்த்துவிட்டு முழுப்பெயரையும் சொன்னீர்கள்.

"ஹாரிங்டனா? உனக்குச் சொந்தமாப்பா?" என்றார் என்னோடு படகில் ஏறிய என் அதிகாரி.

"இந்தப் பக்கம் பாதிப் பேர் ஹாரிங்டன்தான் சார்" என்றேன்.

உடனே நீங்கள், "ஆமாங்கய்யா, எங்க ஊர்ல கல்லை விட்டெறிஞ்சா ஏதாவது ஒரு ஹாரிங்டன் மண்டையிலதான் விழும். இந்தத் தம்பி யாரு பெத்த புள்ளையோ!" என்றீர்கள்.

அவர் சிரித்தார். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன் அப்பா.

இப்படிக்கு,
நீங்கள் பெற்ற பிள்ளை